ஆறு ஏஜென்ட் எழுதுகிறது சரி, யார் படிப்பது?

கேள்வி:

வணக்கம் அக்கா. பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கிறேன். நான், என் மச்சான், போன வருடம் காலேஜ் முடித்து வந்த ஒரு பெண், இவ்வளவுதான் ஆள். எம்.சி. ரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற மொத்த ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். பைத்தான் மொழியில் ஜாங்கோ கட்டமைப்பு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். தீபாவளிக்கு முன்னால் சரக்கு ரிட்டர்ன், இ-வே பில் (சரக்கு வண்டியோடு போகிற ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு), பார்ட்டி பாக்கிக்கு வாட்ஸ்அப் நினைவூட்டல் என்று நிறைய கேட்கிறார்கள். அதனால் ஆறு ஏஐ ஏஜென்ட்டை, அதாவது சொன்ன வேலைக்குத் தானே கோட் எழுதுகிற புரோகிராம்களை, ஆறு டெர்மினலில் ஒரே நேரத்தில் ஓட விடுகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் வேலை செய்கிறது, டெஸ்ட்டும் பாஸ். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மெர்ஜ் செய்தால் உடைகிறது. ரிட்டர்னில் ஒரு ரூபாய் வித்தியாசம் வருவதை ஒரு கடையின் கணக்குப்பிள்ளைதான் கண்டுபிடித்துச் சொன்னார், எங்களுக்குத் தெரியவில்லை. பில்லுக்கும் ரிட்டர்னுக்கும் வரி கணக்கிடுகிற இரண்டு ஃபங்ஷனையும் (கோட் துண்டு), மற்ற கோடையும், ஏஜென்ட்டுக்கு எழுதிய குறிப்புகளையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். இரவு ஓட விட்டுப் போனால் காலையில் நாற்பது ஃபைல் மாறியிருக்கிறது, எங்கிருந்து படிப்பது என்றே புரியவில்லை. மேலே ஒரு மேனேஜர் ஏஜென்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மச்சான். ஏஜென்ட்டே இவ்வளவு எழுதும்போது அந்தப் பெண்ணுக்கு எதற்குச் சம்பளம் என்றும் கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய இரண்டு ஃபங்ஷனையும் படித்தேன். அந்த ஒரு ரூபாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் பழைய பில் கோட் ஜிஎஸ்டி வரியை முழு ரூபாயாக்கும்போது 50 பைசா இருந்தால் மேலே ஏற்றுகிறது. அது சரி. ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவும் அப்படித்தான் சொல்கிறது, 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய், குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். ரிட்டர்ன் எழுதிய ஏஜென்ட் அப்படி ஒரு ஃபங்ஷன் ஏற்கெனவே இருப்பதையே பார்க்கவில்லை. தானாக ஒன்று எழுதிக்கொண்டு, அதில் பைத்தானோடு வருகிற சாதாரண ரவுண்டைப் போட்டுவிட்டது. பைத்தான் 3-இல் இருக்கிற ரவுண்ட், சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளிவிடும். நெல்லூர் பார்ட்டி ஒருவர் 22,250 ரூபாய்க்குச் சேலை எடுக்கிறார் என்று வையுங்கள். வெளிமாநிலம், 5 சதவீதம் ஐஜிஎஸ்டி, 1,112 ரூபாய் 50 பைசா. பில்லில் 1,113 என்று விழும். அதே சரக்கு அப்படியே திரும்பி வந்தால் ரிட்டர்னில் 1,112. பார்ட்டி லெட்ஜரில் ஒரு ரூபாய் தொங்கிக்கொண்டே நிற்கும். இது எல்லா பில்லிலும் வராது. சரியாக 50 பைசாவில் நிற்கிற பில்லில் மட்டும், அதிலும் முழு ரூபாய் இரட்டைப்படையாக இருந்தால் மட்டும்தான் வரும், அதனால்தான் நீங்கள் நாலு பில் போட்டுப் பார்த்தபோது மாட்டவில்லை.

டெஸ்ட் ஏன் பாஸ் ஆனது? ஃபங்ஷனை எழுதிய ஏஜென்ட்தான் டெஸ்ட்டையும் எழுதியது. 1,112 வரும் என்று எழுதி வைத்தது, 1,112 வந்தது, பச்சை விழுந்தது.

இதில் எந்த ஏஜென்ட்டும் மட்டமான வேலை செய்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். கோட் எழுதுவது என்றாலே வரிக்கு வரி சின்னச் சின்ன முடிவுகள் எடுப்பதுதான், ரூபாயாக வைப்பதா பைசாவாக வைப்பதா, ரிட்டர்னைத் தனி டேபிளாக வைப்பதா பில் டேபிளிலேயே மைனஸாக வைப்பதா என்று. ஆறு ஏஜென்ட்டும் அவரவர் மூலையில் உட்கார்ந்து இந்த முடிவுகளை எடுக்கின்றன, ஒன்று எடுத்தது மற்றதற்குத் தெரியாது. 2025 ஜூனில் டெவின் என்ற கோடிங் ஏஜென்ட்டைச் செய்கிற காக்னிஷன் நிறுவனம் இதைத்தான் வெளிப்படையாக எழுதியது: ஏஜென்ட் செய்கிற ஒவ்வொரு காரியத்துக்குள்ளும் சொல்லாத முடிவு ஒன்று ஒளிந்திருக்கிறது, அந்த முடிவுகள் ஒன்றோடொன்று மோதினால் விளைவு கெடும் என்று. அதே மாதம் ஆந்த்ரோபிக் தன்னுடைய பல ஏஜென்ட் ஆராய்ச்சி அமைப்பைப் பற்றி எழுதியபோது, தேடிப் படிக்கிற வேலைக்கு அது நன்றாக உதவியது என்றும், கோடிங் வேலையில் உண்மையாகவே பிரித்துச் செய்யக்கூடிய பகுதி குறைவு என்றும் சொன்னது. சாதாரண அரட்டையைவிட ஒற்றை ஏஜென்ட்டுக்குச் சுமார் 4 மடங்கும், பல ஏஜென்ட் அமைப்புக்குச் சுமார் 15 மடங்கும் டோக்கன், அதாவது ஏஐ படித்து எழுதுகிற சொல்துண்டு, செலவாகிறது என்ற கணக்கும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு கருவிகள் நிறைய மாறிவிட்டன, ஆனால் மோதல் எங்கிருந்து வருகிறது என்பது மாறவில்லை.

உங்கள் வாடிக்கையாளர்களின் தையல் யூனிட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கட்டிங் மாஸ்டர் ஒருவர் அளவு போட்டு வெட்டிக் கொடுத்தால் காலர் ஒருவர், கை ஒருவர், உடம்பு ஒருவர் என்று பத்து மெஷினில் ஒரே நேரத்தில் தைக்கலாம், கடைசியில் எல்லாம் பொருந்தும். ஒவ்வொரு டெய்லரும் தன் துணியைத் தானே வெட்டிக்கொண்டால் பத்து மெஷின் ஓடியும் ஒரு சட்டை தேறாது. இப்போது உங்கள் ஆபீஸில் கட்டிங் மாஸ்டர் இல்லை. அந்த இடத்தில் நீங்கள்தான் உட்கார வேண்டும்.

அதனால் ஆறு டெர்மினலையும் முதலில் நிறுத்துங்கள். நீங்கள் சேர்க்கப்போகிற எல்லா அம்சங்களும் தொடப்போகிற பொதுவான சாமான் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்கு நான் பார்த்தவரை அவை பணத்தை எப்படி வைப்பது, எப்படி ரவுண்ட் செய்வது, வரி விகிதம் எங்கிருந்து வருவது, பில் டேபிளின் அமைப்பு, பார்ட்டி லெட்ஜரில் ஒரு பதிவு எப்படி விழ வேண்டும், இவ்வளவுதான். இதை ஒரே ஒரு ஏஜென்ட்டோடு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முடியுங்கள். வரிக்கு வரி படியுங்கள். இதை, கடைக்குப் போகிற கோட் இருக்கிற மெயின் பிராஞ்சில் மெர்ஜ் செய்த பிறகுதான் மற்ற எதுவும் கிளம்ப வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரு நாள் போனாலும், இரண்டு நாள் போனாலும் அவசரப்படாதீர்கள், பின்னால் மெர்ஜில் போகிற வாரங்களை இங்கேதான் மிச்சம் பிடிக்க முடியும்.

வரி விகிதத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ரிட்டர்ன் அம்சத்தில் இது பெரிய குழி. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் துணிக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முன்னால் 1,000 ரூபாய் வரை 5, மேலே போனால் 12. அப்படியென்றால் 1,200 ரூபாய்ச் சட்டை செப்டம்பர் 21-ஆம் தேதி விற்றிருந்தால் 12 சதவீதம், 22-ஆம் தேதி விற்றிருந்தால் 5. பழைய பில்லுக்கு எதிராகச் சரக்கு திரும்பி வரும்போது கிரெடிட் நோட்டில் (திரும்பிய சரக்குக்கு எழுதுகிற கழிவுச் சீட்டில்) பழைய பில்லில் போட்ட விகிதம்தான் வர வேண்டும். உங்கள் கோடில் விகிதம் நேரடியாக எண்ணாகப் பத்து இடத்தில் எழுதிக் கிடக்கிறது, ஏஜென்ட் அதைப் பார்த்துத் தானும் அதே மாதிரி பதினோராவது இடத்தில் எழுதும். ஏஜென்ட்டுகள் சுற்றி இருக்கிற கோடைப் பார்த்துத்தான் பழகும். விகிதத்தை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு டேபிளில் வையுங்கள், ரிட்டர்ன் மூல பில்லில் பதிவான விகிதத்தையே எடுக்கட்டும்.

சரி, பொது வேலை முடிந்தது. இனி பிரிக்கலாம். எதை எதோடு சேர்த்து ஓட விடலாம் என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான்: இரண்டும் ஒரே டேபிளையோ ஒரே ஃபைலையோ மாற்றுமா? வாட்ஸ்அப் நினைவூட்டல் லெட்ஜரைப் படிக்க மட்டும் செய்கிறது, எழுதுவதில்லை. அதை இ-வே பில்லோடு தாராளமாக ஓட விடலாம். ரிட்டர்னும் இ-வே பில்லும் இரண்டுமே பில் டேபிளில் புது நெடுவரிசை சேர்க்கின்றன, அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். உங்கள் மெர்ஜ் உடைந்ததில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டு ஏஜென்ட்டும் 0042 என்று ஆரம்பிக்கிற மைக்ரேஷன் ஃபைலை (டேபிள் அமைப்பை மாற்றுகிற ஃபைல்) தனித்தனிப் பெயரில் உருவாக்கியிருக்கும். பெயர் வேறு என்பதால், கோடின் மாற்றங்களைக் கணக்கு வைக்கிற கிட் ஒன்றும் சொல்லாது, ஜாங்கோதான் இரண்டு நுனி இருக்கிறது என்று நின்றுவிடும். அதற்கு மெர்ஜ் மைக்ரேஷன் என்று ஒன்று உண்டு, ஏஜென்ட்டிடம் சொன்னால் நொடியில் போட்டுவிடும், பிழைச் செய்தியும் போய்விடும். ஆனால் அது வரிசையைத்தான் ஒட்டவைக்கும். ஒரே விஷயத்துக்கு இரண்டு ஏஜென்ட் இரண்டு நெடுவரிசை சேர்த்திருந்தால் அதை யாரும் கேட்க மாட்டார்கள். மைக்ரேஷன் எழுதுகிற உரிமை ஒரு நேரத்தில் ஒரு ஏஜென்ட்டுக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள்.

ஃபைல் மோதலுக்கு கிட் ஒர்க்ட்ரீ போதும். 2015-இல் கிட் 2.5 வந்ததிலிருந்து இருக்கிற வசதி, ஒரே ரெப்போவை, அதாவது முழு கோட் தொகுப்பை, நாலு ஃபோல்டரில் நாலு பிராஞ்சாக விரித்து வைக்கலாம், ஆளுக்கு ஒன்று. பலர் இதோடு பிரச்சினை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஒர்க்ட்ரீ பிரிப்பது ஃபைலை மட்டும்தான். டேட்டாபேஸ் ஒன்று, போர்ட் ஒன்று, தற்காலிகத் தகவல் வைக்கிற ரெடிஸ் ஒன்று என்று இருந்தால் ஏஜென்ட்டுகள் அங்கே மோதிக்கொள்ளும். ஜாங்கோ டெஸ்ட் ஓடும்போது உங்கள் டேட்டாபேஸ் பெயருக்கு முன்னால் டெஸ்ட் என்று சேர்த்துத் தனியாக ஒன்றை உருவாக்குகிறது. இரண்டு ஏஜென்ட் ஒரே சமயத்தில் டெஸ்ட் ஓட்டினால் இரண்டாவது, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று முட்டி நிற்கும், கோடில்தான் தப்பு என்று நினைத்து செட்டிங்ஸைத் திருத்தப் போகும், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சம்பந்தமில்லாத பத்து ஃபைலை மாற்றும். அந்த நாற்பது ஃபைலில் சில இப்படி வந்தவையாக இருக்கும், கிட் லாகில் செட்டிங்ஸ் ஃபைலைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு ஒர்க்ட்ரீக்கும் தனி டேட்டாபேஸ் பெயர், தனி போர்ட் கொடுங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு மாதிரி டேட்டாபேஸை டெம்ப்ளேட்டாக வைத்து இன்னொன்றை உருவாக்கலாம், அந்த நேரத்தில் டெம்ப்ளேட்டில் வேறு யாரும் கனெக்ட் ஆகியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாதிரியில் கடைக்காரர்களின் நிஜ டேட்டாவை வைக்காதீர்கள். பார்ட்டி பெயர், ஜிஎஸ்டி எண், போன் நம்பர் எல்லாம் அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தது.

அடுத்தது, ஏஜென்ட்டுக்கு நீங்கள் கொடுக்கிற குறிப்பு. 'இ-வே பில் அம்சம் சேர்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்ட்டுக்கு இ-வே பில் பற்றிப் பொதுவாகத் தெரியும், 50,000 ரூபாய்க்கு மேல் என்று எழுதிவிடும். வெளிமாநிலத்துக்கு அது சரி. தமிழ்நாட்டுக்குள் போகிற சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். ஈரோட்டுக்கு 70,000 ரூபாய்க்குத் துணி அனுப்புகிற கடைக்காரரிடம் உங்கள் சாஃப்ட்வேர் தேவையில்லாமல் இ-வே பில் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் அந்த மதிப்பில் வரியும் சேரும். சரக்கு 48,000, வரி 2,400, மொத்தம் 50,400, நெல்லூர் போகிறது என்றால் இ-வே பில் வேண்டும். சரக்கு மதிப்பை மட்டும் பார்த்து எழுதிய கோட் இதை விட்டுவிடும், வழியில் வண்டியை நிறுத்தினால் சிக்கல் கடைக்காரருக்கு.

இந்த மாதிரி உதாரணங்களைத்தான் குறிப்பில் எழுத வேண்டும், வார்த்தையில் விளக்குவதைவிட எண்ணோடு. இன்ன பில், இன்ன ஊர், இன்ன தொகை, வர வேண்டிய விடை இது. அம்சத்துக்கு ஒரு எட்டு, பத்து உதாரணம் போதும், ஆனால் அவை மனிதர் எழுதியதாக இருக்க வேண்டும், ஏஜென்ட் கோட் எழுத ஆரம்பிக்கும் முன்பே டெஸ்ட்டாக மாறி ரெப்போவில் இருக்க வேண்டும், அந்த ஃபோல்டரில் ஏஜென்ட் கை வைக்கக் கூடாது. கை வைக்காதே என்று குறிப்பில் (ப்ராம்ப்டில்) எழுதினால் மட்டும் போதாது. டெஸ்ட் பாஸ் ஆகவில்லை என்றால், கோடைத் திருத்துவதற்குப் பதில் எதிர்பார்க்கும் விடையைத் திருத்திவிடுவது ஏஜென்ட்டுகளிடம் அடிக்கடி பார்க்கிற பழக்கம். அந்த ஃபோல்டரில் ஒரு எழுத்து மாறினாலும் மெர்ஜ் நிற்கும்படி, மெர்ஜுக்கு முன் கோடைத் தானாகச் சோதிக்கிற சிஐயில் பூட்டுப் போடுங்கள். பொதுவான விதிகளை, அதாவது பணத்துக்கு இந்த ஃபங்ஷன்தான், விகிதத்துக்கு இந்த டேபிள்தான், மைக்ரேஷன் எழுதும் முன் கேள் என்பதையெல்லாம், ரெப்போவின் மேலேயே வைக்கிற, ஏஜென்ட்டுகள் ஆரம்பத்தில் படிக்கிற ஏஜென்ட்ஸ் ஃபைலில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பத்துப் பக்கம் எழுதினால் நடுவில் இருப்பது கவனத்தில் நிற்காது.

எத்தனை ஏஜென்ட் ஓட விடலாம் என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மச்சானின் யோசனை அதைத்தான் சுற்றுகிறது. 1967-இல் ஜீன் ஆம்டால் கம்ப்யூட்டர் பிராசஸர்களைப் பற்றிச் சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்தும்: வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ அதுதான் மொத்த வேகத்தின் வரம்பு. ஒரு அம்சத்துக்கு எட்டு மணி நேர வேலை, அதில் இரண்டு மணி நேரம் உங்களுடையது என்று வைப்போம், வெட்டிக் கொடுப்பது, டிஃப் (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியல்) படிப்பது, கடையில் காட்டுவது. மீதி ஆறு மணி நேரத்தை ஏஜென்ட்டுகள் பூஜ்ஜியமாக்கினாலும் நாலு மடங்குக்கு மேல் வேகம் வராது. அதற்கு மேல் ஏஜென்ட் சேர்த்தால் படிக்காத டிஃப்தான் குவியும். படிக்காத டிஃப் மெர்ஜ் ஆனால் அதைப் படிப்பது கடைக் கணக்குப்பிள்ளை. இப்போதைக்கு உங்களுக்கு இரண்டு ஏஜென்ட் போதும். ஒன்று எழுதி முடித்ததை நீங்கள் படிக்கும்போது இன்னொன்று எழுதட்டும். படிப்பதில் தேங்காமல் போகிறது என்றால் மூன்றாவதைச் சேருங்கள். மெர்ஜ் செய்யக் கேட்டு வருகிற ஒரு புல் ரிக்வெஸ்ட்டை ஒரே உட்காரலில் படித்து முடிக்க முடியவில்லை என்றால் அது நீங்கள் பெரிதாக வெட்டிக் கொடுத்த வேலை, திருப்பி அனுப்பி இரண்டாக்கச் சொல்லுங்கள்.

மேனேஜர் ஏஜென்ட் விஷயத்தில் மச்சானோடு எனக்கு உடன்பாடு இல்லை. மேனேஜர், ஆர்க்கிடெக்ட், டெவலப்பர், சோதிப்பவர் (க்யூஏ) என்று பெயர் சூட்டி ஆபீஸ் மாதிரி அமைப்பதைப் பல பேர் செய்து பார்க்கிறார்கள். பெயர் மாறுவதால் அதற்குத் தெரிகிற விஷயம் கூடுவதில்லை. எம்.சி. ரோட்டுக் கடையில் ரிட்டர்ன் எப்படி நடக்கிறது என்று உங்கள் மேனேஜர் ஏஜென்ட்டுக்கும் தெரியாது, அதுவும் ஊகித்துத்தான் பிரித்துக் கொடுக்கும், அந்த ஊகம் இன்னும் ஆறு இடத்துக்குப் பரவும். ஒரு ஏஜென்ட் தனக்குள்ளேயே துணை ஏஜென்ட்டைக் கிளப்பி, இந்த ஃபங்ஷன் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடச் சொல்வது வேறு, அது நல்லது, தேடிப் படிக்கிற வேலையில் மோத ஒன்றும் இல்லை. தனியாக ஒரு ரிவ்யூ ஏஜென்ட் வைப்பதும் உதவும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: எழுதிய ஏஜென்ட்டின் உரையாடல் எதுவும் அதற்குப் போகக் கூடாது. குறிப்பும் டிஃப்பும் மட்டும் கொடுத்து, குறிப்பில் சொன்னது எது விடுபட்டிருக்கிறது, ஏற்கெனவே இருக்கிற எந்த ஃபங்ஷன் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் உங்கள் ஒரு ரூபாய் அன்றே மாட்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது படித்துவிட்டதே என்று நீங்கள் படிக்காமல் விடாதீர்கள்.

இரவு ஓட விடுவது. விடலாம், எல்லா வேலையையும் அல்ல. விடை சரியா தப்பா என்று மெஷினே சொல்லிவிடக்கூடிய வேலையாக இருக்க வேண்டும்: பழைய கோடுக்கு டெஸ்ட் சேர்ப்பது, ஜாங்கோ வெர்ஷன் ஏற்றுவது, பிடிஎஃப் அச்சு வடிவத்தை மாதிரியோடு ஒப்பிட்டுத் திருத்துவது இப்படி. புது டேபிள், வரிக் கணக்கு, லெட்ஜரில் எழுதுகிற எதுவும் இரவுக்கு வேண்டாம். ஓட விடும்போது சின்னச் சின்ன கமிட்டாகப் போடச் சொல்லுங்கள், ஒரே டெஸ்ட் மூன்று முறை தோற்றால் நிறுத்திவிட்டு என்ன முயன்றாய், எங்கே மாட்டினாய் என்று ஒரு ஃபைலில் எழுதச் சொல்லுங்கள், டோக்கனுக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். காலையில் அந்த ஃபைலை முதலில் படித்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியும்.

இன்னொன்று, ஏஜென்ட் ஓடுகிற மெஷினில், கடைகளின் நிஜ டேட்டா இருக்கிற புரொடக்ஷன் பாஸ்வேர்டு இருக்கவே கூடாது. 2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் புரொடக்ஷன் டேட்டாபேஸை அழித்தது. அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், டெவலப்மென்ட் டேட்டாபேஸையும் புரொடக்ஷனையும் தானாகவே பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அதற்குப் பிறகு கொண்டுவந்தார்கள். நீங்கள் அந்தப் பிரிவினையை இன்றைக்கே செய்துவிடுங்கள். ஏஜென்ட்டை, மற்றதிலிருந்து பிரித்து வைக்கிற கன்டெய்னருக்குள் ஓட விடுங்கள், எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டுத் திறந்த மெஷினில் விட்டுப் போகாதீர்கள்.

வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது என்ற உணர்வை மட்டும் நம்ப வேண்டாம். மெட்ர் என்ற அமைப்பு 2025-இல் 16 அனுபவமுள்ள ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை வைத்து 246 வேலைகளில் சோதித்தது. ஏஐ இருந்தால் 24 சதவீதம் நேரம் குறையும் என்று முன்னால் நினைத்தார்கள், முடித்த பிறகும் 20 சதவீதம் குறைந்தது என்றே நம்பினார்கள், அளந்து பார்த்தால் 19 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் நன்றாகப் பழகிய பெரிய ரெப்போக்கள், அந்த வருட ஆரம்பத்தில் இருந்த கருவிகள், அதனால் இதை உங்கள் ஆபீஸுக்கு அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் உணர்வும் கணக்கும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பது தெரிகிறது. அம்சம் கேட்ட நாள், கடையில் ஓட ஆரம்பித்த நாள், அதற்குப் பிறகு அதற்காக வந்த போன்கால்கள், இந்த மூன்றையும் ஒரு ஷீட்டில் எழுதி வாருங்கள். ஒரு மாதத்தில் எத்தனை ஏஜென்ட் உங்களுக்குச் சரி என்று அதுவே சொல்லும்.

கடைசியாக அந்தப் பெண். மச்சான் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீஸில் இப்போது எழுத ஆளுக்குக் குறைவில்லை, படிக்கத்தான் ஆள் இல்லை. படிக்கத் தெரிந்த மூன்று பேரில் ஒருவரை அனுப்பிவிட்டு ஏழாவது ஏஜென்ட்டை வாங்கினால் தேக்கம் இன்னும் கூடும். வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் முடித்து வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் வரை பஸ் மாறி மாறிப் போய் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே நல்ல வேலை கற்றுக்கொடுக்கிற இடமாக உங்கள் ஆபீஸ் இருக்க முடியும். அவருக்கு வேலைச் சீட்டைக் கொடுத்து கோட் எழுதச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அந்த எட்டு, பத்து உதாரணங்களைத் தயார் செய்கிற பொறுப்பைக் கொடுங்கள். அந்த ஒரு ரூபாயைக் கண்டுபிடித்த கணக்குப்பிள்ளையிடம் அவரை அனுப்புங்கள். அரை நாள் பக்கத்தில் உட்காரட்டும். போன சீசனில் எந்த பில் தகராறு ஆனது, பாதி சரக்கு மட்டும் திரும்பி வந்தால் என்ன செய்வார், டிஸ்கவுன்ட் போட்ட பில்லில் ரிட்டர்ன் எப்படி, லாரி ஆபீஸில் பார்சல் மாறினால் எப்படி என்று கேட்டு, எண்ணோடு எழுதி வரட்டும். அதுதான் உங்கள் டெஸ்ட். எந்த ஏஜென்ட்டாலும் அதை ஊகிக்க முடியாது. டிஃப் படிப்பதையும் கற்றுக்கொடுங்கள், முதலில் நீங்கள் படித்து அவருக்கு விளக்குங்கள், பிறகு அவர் படித்து உங்களுக்கு விளக்கட்டும். கொஞ்ச நாளில் இரண்டாவது ஏஜென்ட்டின் வேலையை அவரே மெர்ஜ் வரை கொண்டுவருவார். சம்பளத்தையும் அப்போது ஏற்றிக் கொடுங்கள்.

தீபாவளிக்குக் கேட்டதில் ரிட்டர்னை முதலில் எடுங்கள், ஏற்கெனவே கடையில் ஓடிக்கொண்டு தப்பாகக் கணக்குக் காட்டுவது அதுதான். பழைய ரிட்டர்ன் பதிவுகளில் எத்தனையில் ஒரு ரூபாய் நிற்கிறது என்று டேட்டாபேஸில் ஒரு க்வெரி (தேடல் கட்டளை) போட்டு எடுத்து, திருத்துவதற்கு முன் அந்தக் கடைக்காரர்களிடம் பட்டியலைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அது மெர்ஜ் ஆன பிறகு இ-வே பில், அதோடு சேர்த்து வாட்ஸ்அப். மற்றவற்றைப் பொங்கலுக்குத் தள்ளுங்கள், கடைக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது புது அம்சம் எதையும் ஏற்றாதீர்கள், எந்த ஏஜென்ட் எவ்வளவு சீக்கிரம் முடித்துக் கொடுத்தாலும்.